மஞ்சள் தடவிய பெல்பாட்டம்

என் வயதுக்காரர்களே, நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் பினாங்கு ரோட்டுப் பக்கம் போனால், நாம் இளசாக இருந்த காலத்தோடு செத்துப்போன உடுப்பெல்லாம் எழுந்து நடமாடுகிறது. தொடையில் இறுக்கிப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே குடையாக விரிகிற பெல்பாட்டம். நாய்க் காது போலத் தொங்கும் காலர். கட்டை வைத்த சப்பாத்து. ஆண் பெண் என்று இல்லாமல் போட்டுக்கொண்டு, பழைய சுவர்களுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். எனக்குப் பயம் வரும்.

போன வருஷம் ஒரு நாள் காரில் போய்க்கொண்டிருந்தேன். ஜெர்மனிக் கார்தான், என் சொந்தச் சம்பாத்தியம். டிரைவர் ஓட்ட, பின்னால் சாய்ந்து உட்கார்ந்து போகிறவள் நான். சிவப்பு விளக்கில் கார் நின்றது. முன்னால் ஒருவன் ரோட்டைக் கடந்தான். ஒல்லி இடுப்பு. வலது தோள் கொஞ்சம் இறங்கின நடை. காப்பிக்கொட்டை நிறத்தில் பெல்பாட்டம், நுனி தார் ரோட்டைக் கூட்டிக்கொண்டு போகிறது.

"நிப்பாட்டு! நான் இறங்கணும்!"

"நிப்பாட்டித்தான்மா இருக்கு. நடு ரோடு லா, இங்க எப்படி இறங்குவீங்க?"

நான் இறங்கிவிட்டேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவனும் திரும்பினான். சீனப் பையன். இருபது வயது இருக்கும். கையில் ஐஸ் தேத்தண்ணிப் பொட்டலம். "ஆன்ட்டி, ஓகே ஆ?" என்று கேட்டான். அறுபத்து நாலு வயதுப் பெண்பிள்ளை நடு ரோட்டில் மூச்சு வாங்க நின்று தன்னை அண்ணன் என்று கூப்பிட்டால், அவன்தான் வேறென்ன கேட்பான்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எளிதில் பயப்படுகிறவள் இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சைக்கிளில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு தீவிலிருந்து ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், பிறையில் ஃபேக்டரி வாசல்களில் நின்று விற்றவள். காவலுக்கு நிற்கிற கார்டு துரத்தினால் அடுத்த வாசலுக்குப் போவேன். இன்றைக்கு அதே பிறையில் மூன்று ஃபேக்டரிகளின் கேன்டீன் என்னுடையது. என்னைத் துரத்திய ஒரு கார்டின் மகன் என்னிடம்தான் சூப்பர்வைசராக இருக்கிறான். கோட்டும் டையும் கட்டின மேனேஜர்மார் தட்டை ஏந்திக்கொண்டு என் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு கால்சட்டையைக் கண்டு நடுங்குகிறேன் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

அந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. ஜெலுத்தோங்கில் பலகை வீடு, தகரக் கூரை. மழை பெய்தால் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அப்பா துறைமுகத்தில் ஒரு கங்காணியின் கீழ் மூட்டை தூக்குகிறவர். அண்ணனுக்குப் பதினெட்டு. எங்கள் ரோட்டுக் கோடியில் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போமே, அவருடைய மோட்டார் பட்டறையில் வேலை. சாயங்காலம் வந்ததும் சோப்புத் தூளையும் மண்ணெண்ணெயையும் குழைத்துக் கையைத் தேய்ப்பான். நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் மட்டும் போகாது. பிறகு குளித்து, தலைக்கு வெள்ளைக் கிரீம் பூசி, காதை மூடுகிற முடியை முன்னும் பின்னும் பத்துத் தடவை சீவுவான். அந்தக் கிரீம் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து வருமே, அதுதான் எனக்கு அண்ணன்.

அவனிடம் ஒரு கட்டைச் சப்பாத்து இருந்தது. பலகைத் தரையில் அவன் நடந்தால் டொக், டொக் என்று வீடே அதிரும். என்னைக் கூப்பிட்டு என் இரண்டு பாதத்தையும் தன் சப்பாத்தின் மேல் வைத்துக்கொண்டு நடப்பான். கூட்டாளியிடம் இரவல் வாங்கின பெல்பாட்டத்தில் வந்த அன்று அப்படி நடந்தபோது, குனிந்து பார்த்தேன். என் பாதத்தைக் காணோம். அவன் கால்சட்டை விரிப்புக்குள் மறைந்துவிட்டிருந்தது. எங்கே போச்சு என் கால் என்று நான் கத்த, அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது.

"மனுசன் போடுற சிலுவார்ல ஒரு பக்கத்துக்கு ஒரு கால்தான் போவணும். நீ கேக்குறதுல ஒரு குடும்பமே குடியிருக்கலாம் போல!"

"வாடகைக்கு விடலாம்ப்பா."

"வாயப் பாரு. இந்த மயிரையும் சிலுவாரையும் பாத்துட்டு நாளைக்கு எவன்டா வேலை குடுப்பான்?"

"தவுக்கேயே இதான் போட்டுருக்காரு."

அதோடு அப்பா எழுந்துவிடுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். இது தினம் நடக்கிற கூத்து. இதில் யாருக்கும் காயம்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு எது தெரிகிறது?

தீபாவளி வந்தது. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் எப்படித் துணி எடுத்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட் கடையில் ஒரே துணியாக எடுத்து அதிலேயே எல்லாருக்கும் தைப்பது. பூப்போட்ட துணியில் அம்மாவுக்கு ரவிக்கை, எனக்குக் கவுன், தலையணைக்கு உறை. காப்பிக்கொட்டை நிற டெரிலினில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கால்சட்டை. அளவெடுத்த அன்று அண்ணன் தையற்காரரிடம் பெல்பாட்டம் என்று சொல்லிவிட்டு வந்தான். "பாட்டம் எத்தனை இஞ்ச்?" என்று அவர் கேட்டதற்கு, "துணி இருக்கிறதுக்குத் தகுந்த மாதிரி வைங்க அண்ணே. அப்பாவுக்கு மொதல்ல வெட்டிருங்க" என்று அவன் சொன்னது பின்னால்தான் தெரியவந்தது. அதற்கு வருகிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் தைத்த துணி வந்தது. அப்பா கால்சட்டையைப் போட்டுப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே நாலு விரல் அளவுக்கு நின்றுவிட்டது. இடுப்பில் சரியாக இருக்கிறது, உட்கார்ந்தால் முழங்கால் வரை ஏறுகிறது. அதோடு நேராகத் தையற்கடைக்கே போய்விட்டார். அவர் பின்னாலேயே நானும் ஓடினேன்.

"துணி பத்தலண்ணே" என்றார் தையற்காரர், தலையை நிமிர்த்தாமல். "தம்பியோட சிலுவாருக்கு நெறைய இழுத்துருச்சு. முப்பது இஞ்ச் பாட்டம்."

கடையில் துணி வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் சொன்னார்: "என்னண்ணே, மகனோட சிலுவார் தரையக் கூட்டுது, உங்களோடது மரம் ஏறுது! ரெண்டையும் ஒட்டி ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்குங்க!"

அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அதில் பல் மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தவர் நேரே அடுப்படிக்குப் போனார். அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். "தையக்காரன் சொல்றான், உன் மவனுக்கு முப்பது இஞ்ச் வேணுமாம். அப்பன் அரைச் சிலுவார்ல நிக்கணுமாம்" என்றார். அம்மா எண்ணெயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணெய் புகைந்துபோன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் படையல். செத்துப்போனவர்களுக்கு தீபாவளிக்கு முதல் நாள் படைத்துவிட்டுத்தானே நாம் எண்ணெய் தேய்ப்போம். அப்பாவைப் பெற்றவர்கள் இருவரின் படமும் முன்னறையில், மாலையோடு. வாழையிலையில் ஆட்டுக்கறி, கோழிக் கால், அவித்த முட்டை, முறுக்கு. கறுப்பு பீர் ஒரு போத்தல். ஒரு சிகரெட்டு டின். பக்கத்தில் தட்டில் அவர்களுக்குப் புது வேட்டி, புடவை. உயிரோடு இருக்கிற எங்கள் துணி தனியே அம்மாவின் தட்டில், ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் தடவி, விடிந்து போட்டுக்கொள்ளக் காத்திருக்கும். செத்தவர்கள் துணிக்கு மஞ்சள் வைக்கமாட்டோம்.

அப்பா உள்ளே போனார். அம்மாவின் தட்டிலிருந்து அண்ணனின் பெல்பாட்டத்தை எடுத்தார். மஞ்சள் இன்னும் தடவியிருக்கவில்லை. கொண்டுவந்து படையல் தட்டில், தாத்தாவின் வேட்டிக்கு மேலே வைத்தார்.

"என்னங்க இது! பச்சப்புள்ள துணிய அங்க வைக்கிறீங்க!"

"எனக்கு அவன் அங்கதான்."

அம்மா எடுக்கக் கை நீட்டினாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் சூடத்தைக் கொளுத்தினார். சூடம் எரிய ஆரம்பித்த பிறகு படையலில் கை வைக்கக்கூடாது. அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டு வழக்கம், படைத்ததும் தெருக்கதவைத் திறந்து வைத்து, நடுக்கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். வருகிறவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று. எட்டிப் பார்க்கக்கூடாது. அன்றும் அப்படியே போய் உட்கார்ந்தோம். அண்ணன் மட்டும் இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் கொட்டுகிற சத்தம். அது கொஞ்சம் தணிந்தபோது முன்னறையில் கேட்டது.

டொக். டொக்.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மெல்ல, "வந்துட்டாங்க" என்றாள். அப்பா, "எலி" என்றார். ஆனால் அவர் கண் நடுக்கதவை விட்டு நகரவில்லை. எலி அப்படி நடக்காது என்று அவருக்கும் தெரியும். சத்தம் நின்றது. எதுவோ உரசியது. மறுபடியும் டொக், டொக், டொக். பிறகு மழை மட்டும்.

அப்பா கையைத் தட்டி ஓசை கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

பீர் போத்தலில் பாதி இல்லை. கோழிக் காலின் எலும்பு இலையில் சுத்தமாகக் கிடந்தது. டின் மூடியில் ஒரு சிகரெட்டு புகைந்துகொண்டிருந்தது. தட்டில் வேட்டி இருந்தது, புடவை இருந்தது, பெல்பாட்டம் இல்லை. அது இருந்த இடத்தில் கிரீஸ் படிந்த பட்டறைக் கால்சட்டை ஒன்று, அம்மா மடிப்பது மாதிரியே நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நான் அப்போது நினைத்தது என்ன தெரியுமா? தாத்தா வந்து அண்ணனின் புதுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான். அண்ணன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். அம்மா வெறுங்காலோடு மழையில் ஓடினாள். பஸ் நிற்கிற இடத்தில் இருந்த ரொட்டிக் கடைக்காரர் சொன்னார்: "தம்பி இப்பத்தானே அக்கா பஸ் ஏறுச்சு. புதுச் சிலுவாரு, மாப்பிள்ள மாதிரி! நான்கூட 'எங்க போற, பொண்ணு பாக்கவா?'ன்னு கேட்டேன். சிரிச்சுச்சு."

ஃபெரித் துறையில் அவனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அக்கரைக்குப் போகிற ஃபெரியில், மேல்தட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனைப் பார்த்ததாக வந்ததெல்லாம் வதந்தி. சிங்கப்பூரில் கப்பலில் இருக்கிறான். தாய்லாந்து ஹாட்யாயில் மெக்கானிக். ஈப்போவில் ஒரு பெண்ணோடு. அப்பா மூன்று ஊருக்கும் போனார். போலீசுக்கும் போனார். ஒன்றும் கிடைக்கவில்லை. நம் ஃபெரியில் ஒரு விசித்திரம் இருக்கிறதே, தீவை விட்டுப் போகிறவனிடம் காசு கேட்கமாட்டார்கள், அக்கரையிலிருந்து வருகிறவனிடம்தான் கேட்பார்கள். அந்த ஃபெரியில் ஏறும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும்.

அடுத்த தீபாவளிக்கு சொந்தக்காரர்கள் வந்து கூடினார்கள். மாமா ஒருவர் அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னார். "தங்கச்சி, ஒரு வருசம் ஆச்சு. படத்த வச்சுப் படைச்சுரு. இல்லன்னா பசியோட அலையும்."

அம்மா எழுந்து போய்விட்டாள். நேரே தையற்கடைக்கு. அதே காப்பிக்கொட்டை நிறத் துணி, அதே அளவு, அதே முப்பது அங்குலம். தைத்து வந்ததன் இடுப்புப் பட்டியில் உள்பக்கம் கட்டைவிரலால் மஞ்சளை அழுத்தித் தடவி, எங்கள் துணிகளோடு, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அப்பா பார்த்தார். அந்தக் குட்டைக் கால்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அன்று முதல் சாகிற வரைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் அதைத்தான் போட்டார். தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவிட்டார். புதிது எடுத்துக் கொடுத்தால் தொடமாட்டார். அவர் செத்த பிறகு படையலில் அவருக்கென்று வைத்ததும் அதுவேதான்.

அம்மா ஒரு வருஷம்கூட விடவில்லை. காலம் மாறியது. கால்சட்டை சுருங்கி குழாய் மாதிரி ஆனது, பிறகு இடுப்பில் மடிப்பு வைத்துத் தொளதொளத்தது. தையற்காரர் வருஷாவருஷம் தலையில் அடித்துக்கொள்வார். "அக்கா, மாடல் போச்சுக்கா. இதப் போட்டுட்டு பையன் வந்தா நாய் தொரத்தும்."

"அவன் கேட்டது அதான். நீங்க தைங்க."

போட யாருமில்லாத துணிகள் ஒரு தகரப் பெட்டியில் சேர்ந்தன. பூச்சி உருண்டை போட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு தாள் வைத்து.

அண்ணன் போனதும் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அது நல்லதற்குத்தான், இல்லாவிட்டால் ஏதோ ஓர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஏன் பிறைக்குப் போனாய், தீவிலேயே விற்றிருக்கலாமே என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வியாபாரம் அங்கேதான் என்று சொல்லுவேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த ஃபெரி போய்ச் சேர்கிற கரை அது. ஆயிரக்கணக்கான ஆட்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன். எல்லார் முகத்தையும் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். தட்டை நீட்டுகிற கையில் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தால், கரண்டி ஒரு நொடி நின்றுதான் போகும்.

அம்மாவுக்குக் கண் மங்கின பிறகு, தையற்கடைக்கு நான் போனேன். அப்போது கார் வாங்கிவிட்டேன், கடை வாசலிலேயே நிறுத்தினேன். தையற்காரரும் கிழவராகிவிட்டார். துணியை வாங்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இன்னும் எத்தன வருசம்மா இப்படி? என்னாலயும் முடியல. ஒவ்வொரு தடவ இத வெட்டுறப்பவும் எனக்கு மனசு உறுத்துது."

"உங்களுக்கு ஏண்ணே உறுத்தணும்?"

"தம்பி என்கிட்ட அப்பாவுக்கு மொதல்ல வெட்டுங்கன்னுதான் சொல்லிட்டுப் போச்சு. சாயங்காலம் உங்கம்மாதான் வந்துச்சு. 'அவன் ஆசப்பட்ட மாதிரி முப்பது இஞ்சே வச்சிருங்க, அவுங்க அப்பாவுக்கு மிச்சத்துல சமாளிங்க, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு'ன்னுச்சு. உங்கப்பா வந்து நின்னப்ப, உங்கம்மாவக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல. இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

எண்ணெய் புகைந்ததே, அந்தப் புகை அன்று மறுபடியும் என் கண்ணில் வந்து ஏறியது. அப்பா, மகன் தன்னைக் கேலி செய்தான் என்று நினைத்தார். அம்மா, அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று நினைத்தாள். அண்ணன், அப்பா தன்னைக் கொன்றுவிட்டார் என்று நினைத்தான். மூன்று பேரும் தப்பு. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. தைத்ததைக் கையில் கொடுத்தேன். அவள் தடவித் தடவிப் பார்த்து, "பாட்டம் சரியா வச்சிருக்கானா?" என்றாள். "சரியா இருக்கும்மா" என்றேன்.

அம்மா போய் வருஷங்கள் ஆகின்றன. தையற்காரரும் போய்விட்டார். பெட்டி என் வீட்டு மாடியில். தீபாவளிக்குத் தீபாவளி, அம்மா காலத்தில் தைத்த கடைசி உருப்படியை எடுத்து, மஞ்சளைப் புதுப்பித்து, எங்கள் துணிகளோடு வைப்பேன். அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அவனைப் படையல் பக்கம் தள்ளிவிடாதே.

இந்த வருஷம், தீபாவளிக்குச் சில வாரம் இருக்கும்போது, மதியம் கணக்குப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் டொக், டொக்.

நிமிர்ந்தேன். காப்பிக்கொட்டை நிறக் கால் இரண்டு இறங்கி வந்தது. விரிந்து, படியைக் கூட்டிக்கொண்டு. ஒல்லி இடுப்பு. முகம் இன்னும் வெளிச்சத்துக்கு வரவில்லை. கணக்குப் புத்தகம் மடியிலிருந்து சரிய எழுந்தேன்.

"அம்மா! இது என்னா தெரியுமா? டெட்ஸ்டாக் லா!"

என் கடைக்குட்டி மகன். நாற்பது வயதில் பெற்றது. எவரும் போடாத பழைய காலத்துப் புதுத் துணிக்கு அந்தப் பெயராம். அந்த வார்த்தையை அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

"ஒரு பெட்டி நெறைய இருக்குமா! என் கூட்டாளிங்க இந்த மாதிரி ஒண்ணு கிடைக்காதான்னு பழைய துணி விக்கிற பண்டல் கடை கடையா அலையுறானுங்க. எல்லாம் ஒரே சைஸ். எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு!"

"கழட்டு."

"ஏம்மா?"

"கழட்டுடான்னு சொல்றேன்!"

என் குரலுக்கு மூன்று ஃபேக்டரி அடங்கும். அவன் அடங்கவில்லை. என்னைப் போலவே பிறந்தவன். படியில் உட்கார்ந்துகொண்டான். "வராத மாமாவோடதா?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் அண்ணனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

சொன்னேன். அவனுக்குத் தெரியாததையெல்லாம் சொன்னேன். இந்தத் துணியை இன்னொருவர் போட்டால், அவன் செத்துவிட்டான் என்று நாமே முடிவு கட்டியது போல் ஆகும். செத்தவர் துணியைத்தான் படைத்துவிட்டு மற்றவர் போடுவார்கள். உயிரோடு இருக்கிறவன் துணி அவனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

அவன் இடுப்புப் பட்டியை மடித்து உள்ளே இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தான்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. மாமாவுக்கு இப்ப எழுபத்தொரு வயசு. இது அவரு தொடையில ஏறுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சிரித்தேன். சிரிப்பு அப்படியே வேறு எதுவாகவோ ஆகிவிட்டது, அவன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தான்.

உயிரோடு இருக்கிறவனுக்கு இடுப்பு பெருக்கும். மாடல் மாறும். வருஷா வருஷம் மாறாத அளவு யாருக்கு? படத்தில் இருக்கிறவர்களுக்குத்தான். அம்மா தடவியது உயிரோடு இருக்கிறவனுக்கான மஞ்சள். தைத்தது செத்தவனின் அளவு. இத்தனை வருஷமும் அவள் யாரை எங்கே வைத்திருந்தாள்? அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்ததா? கேட்க ஆள் இல்லை.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்றான் மகன். "தண்ணீர்மலைக் கோயில்ல எனக்குக் காது குத்துறப்ப உக்கார தாய்மாமன் மடி இல்லன்னு நீங்க அழுதீங்கன்னு அப்பா சொல்லுவாரு. மருமகனுக்கு மாமன் துணி எடுத்துக் குடுக்கணும்தானே? குடுக்கலையே. இது அதா இருக்கட்டுமே."

படிக்காத நான் பெற்ற பிள்ளை. பேச்சில் என்னை ஜெயித்துவிட்டான்.

"கூட்டாளிங்களுக்கும் வேணுமா?" என்றேன்.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் ஒரு தையற்கடைக்குப் போனேன். ஆண்கள் கால்சட்டை ஒன்று தைக்கவேண்டும் என்றேன்.

"ஆள் வரலையாம்மா?" என்றான் தையற்காரப் பையன்.

"வெளியூர்ல."

"அளவு?"

அளவு. எனக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்றுதான். கடைக்கு வெளியே முக்காலியில் ஒரு பெரியவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, சின்னத் தொப்பை, செருப்பைக் கழற்றிவிட்ட கால்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு வயசு எத்தன?"

"எழுபத்திரண்டு. ஏம்மா, கல்யாணமா பேசப் போறீங்க?"

"கொஞ்சம் எழுந்து நில்லுங்க. அளவெடுக்கணும்."

"எனக்காம்மா தைக்கிறீங்க?"

"இல்லண்ணே. உங்க வயசுல ஒருத்தர் இருக்காரு."

இருக்காரு. வாய் தானாகச் சொன்னது. பெரியவர் எழுந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். இடுப்பு முப்பத்தெட்டு. "லாஸ்டிக் வச்சிருப்பா, உக்காந்தா எங்க வயசுல மூச்சு முட்டும்" என்று அவரே சொன்னார். லாஸ்டிக் வைத்தோம். பாட்டம் சாதாரணம்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் படைத்தேன். அப்பா, அம்மா படம். அப்பாவின் குட்டைக் கால்சட்டை, அம்மாவுக்குப் புடவை. பெரிய வீடு, பளிங்குத் தரை, ஆனால் வழக்கம் அதே வழக்கம். தெருக்கதவைத் திறந்து வைத்து, நடுக்கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். மழை இல்லை. ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்.

டொக். டொக். டொக், டொக்.

ஒன்றல்ல, பல. கையைத் தட்டி ஓசை கொடுக்க எனக்கு மறந்துபோனது. கதவைத் திறந்தேன்.

படையலுக்கு முன்னால் ஐந்து பேர் திகைத்து நின்றார்கள். ஐந்து பெல்பாட்டம். என் மகன், இரண்டு சீனப் பையன்கள், ஒரு மலாய்ப் பையன், ஒரு பஞ்சாபிப் பையன். ஒருவன் கை முறுக்கில் இருந்தது.

"சாரிமா, படைச்சிட்டீங்கன்னு தெரியாது. கதவு தொறந்திருந்துச்சு. இவனுங்களுக்குப் பசி லா" என்றான் மகன்.

அப்பா படத்தைப் பார்த்தேன். அம்மா படத்தையும்.

"சாப்பிடுங்கப்பா" என்றேன். "உக்காந்து சாப்பிடுங்க. ஒருத்தரும் அவசரமாப் போக வேணாம்."

விடிந்ததும் எல்லாரும் அவரவர் துணியை எடுத்துக்கொண்டார்கள். தட்டில் ஒன்று மிஞ்சியது. லாஸ்டிக் வைத்தது. உள்பக்கம் நான் கட்டைவிரலால் அழுத்திய மஞ்சள் காய்ந்திருந்தது. அதை மடித்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன். இப்போது பினாங்கு ரோட்டில் நான் பையன்களின் முதுகைப் பார்ப்பதில்லை. ஃபெரியில் வந்து இறங்குகிற கிழவர்களைப் பார்க்கிறேன், யாருக்கு வலது தோள் இறங்கியிருக்கிறது என்று.

அடுத்த வருஷம் இடுப்பில் ஓர் அங்குலம் குறைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். நம்மில் எழுபதைத் தாண்டியவர்களைப் பார்க்கிறேனே, எல்லாருக்கும் உடம்பு வற்றிக்கொண்டுதான் வருகிறது.